பல்லவிக்குத் திரும்பாத கீர்த்தனை: கொடைக்கானலில் நடந்த இசையமைப்புப் போட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கொடைக்கானலிலும் அதைச் சுற்றியுள்ள மலையூர்களிலும் பாட்டு, வயலின், கிட்டார், கீபோர்டு என்று ஏதேனும் ஒன்றைக் கற்பித்தோ வாசித்தோ வருகிறவர்கள் சிலர், சுற்றுலாக் கூட்டம் ஓய்ந்திருக்கும் ஜனவரி மாதத்தில் தங்களுக்குள் ஓர் இசையமைப்புப் போட்டியை நடத்திக்கொள்வது வழக்கம். பரிசுத்தொகை கிடையாது, வென்றவர் அடுத்த முறை எல்லாருக்கும் மதியச் சாப்பாடு போட வேண்டும் என்பதே பரிசும் தண்டனையும். இம்முறை கிரேக்கத் தொன்மக் கதைகள் பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டன. வந்த ஐந்து படைப்புகள் எப்படி உருவாயின, எவை கேட்டவர்களைச் சென்று சேர்ந்தன, எவை ஏன் சேரவில்லை என்பதை, மதிப்பிட்ட மூவரில் ஒருவன் என்ற நிலையில் இங்கே பதிவு செய்கிறேன். பங்கேற்றவர்கள் விரும்பியபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கிரேக்கக் கதைகள் எதற்கு என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. இப்பொருளை முன்மொழிந்த தேவாலயப் பாடகர் குழுத் தலைவர் சொன்ன காரணம் எங்களுக்கு ஏற்புடையதாக இருந்தது. கண்ணனைப் பற்றி மெட்டமைக்கச் சொன்னால் கை தானாகவே யமுனா கல்யாணிக்குப் போகும். முருகன் என்றால் காவடிச் சிந்தின் நடை வந்துவிடும். இயேசுவின் பாடுகளைச் சொன்னால் தவக்காலப் பாட்டுகளின் சாயலிலிருந்து தப்புவது கடினம். கிரேக்கத் தெய்வங்களுக்கோ நம் காதில் ஆயத்தமான மெட்டு எதுவும் இல்லை. ஆகையால் இசையமைப்பவர் கதையை முதலிலிருந்து யோசித்தே ஆக வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

விதிகள் எளியவை. படைப்பு புதியதாக இருக்க வேண்டும். ஏழு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மேடையில் நேரில் இசைக்கப்பட வேண்டும். கேட்பவர்களுக்குக் கதையின் பெயரை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது இம்முறை புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு படைப்பும் முதலில் பெயரின்றி இசைக்கப்பட்டது. மாணவர்களின் பெற்றோரும் அக்கம்பக்கத்தாருமாக வந்திருந்தவர்கள் தாங்கள் கேட்டது என்ன என்பதை ஒரு துண்டுத்தாளில் ஓரிரு வரிகளில் எழுதித் தந்தார்கள். அதன் பின்னரே இசையமைத்தவர் எழுந்து கதையைச் சொன்னார். மதிப்பெண்ணில் பாதி, கதை இசைக்குள் எந்த அளவு வேலை செய்திருக்கிறது என்பதற்கு ஒதுக்கப்பட்டது.

கிரேக்கக் கதைகளில் வரும் இசைப்போட்டிகள் எல்லாமே கேடாகத்தான் முடிகின்றன என்பதைப் படிக்கப் படிக்கத்தான் உணர்ந்தோம். கலைத்தெய்வங்களைப் பாட்டில் வெல்வேன் என்று பெருமை பேசிய தாமிரிஸ் பார்வையையும் பாட்டையும் இழக்கிறான். இசைத்தெய்வமான அப்போலோவோடு போட்டியிட்ட மார்சியாஸ் தோலுரிக்கப்படுகிறான். அப்போலோவுக்கும் மேய்ச்சல் தெய்வமான பானுக்கும் நடந்த போட்டியில் பானே சிறந்தவன் என்று கருத்துச் சொன்ன மைடாஸ் அரசனுக்குக் கழுதைக்காது முளைக்கிறது. நம் ஊர்க் கதையில் மதுரைக்கு வந்து தோற்கும் ஏமநாதன் இரவோடிரவாக ஊரை விட்டு ஓடுவதோடு தப்பிவிடுகிறான். பானின் போட்டிக்கு நடுவராக இருந்தது திமோலஸ் என்ற மலை; தீர்ப்புச் சொல்வதற்கு முன் அது தன் காதுகளை மறைத்திருந்த மரங்களை விலக்கிக்கொண்டதாக ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடுகிறார். மலையூர்க்காரர்களான எங்களுக்கு இந்த நடுவரைப் பிடித்துப்போயிற்று. அவர் இல்லாத குறைக்கு நாங்கள் மூவர் அமர்ந்தோம்.

கிரேக்க ஸ்வரம் என்ற பொறி

பங்கேற்றவர்களில் பாதிப்பேர் முதலில் தேடியது கிரேக்கத் தன்மையுள்ள ஸ்வர வரிசையைத்தான். இது இயல்பானதே என்றாலும் பயன் தராத வழி. பண்டைய கிரேக்கப் பாடல்களில் சொல்லும் இசைக்குறியும் முழுமையாகக் கிடைத்திருப்பது செய்கிலோஸ் கல்வெட்டு ஒன்றுதான். இன்றைய துருக்கியின் ஐடின் அருகே 1883-இல் வெளிச்சத்துக்கு வந்த அந்தக் கல் இப்போது கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் ஸ்வரங்களை நம் கணக்கில் வைத்துப் பார்த்தால் கரகரப்பிரியா ராகத்தின் ஸ்வரத்தானங்கள் வருகின்றன. ஆக, நம் கேட்பவருக்கு அது கிரேக்கமாக ஒலிக்கப்போவதில்லை.

டோரியன், ஃபிரிஜியன் போன்ற ஸ்வர வரிசைப் பெயர்கள் குழப்பத்தை இன்னும் கூட்டின. கிரேக்கர்கள் டோரியன் என்றது நம் தோடி ராகத்தின் ஸ்வரத்தானங்களுக்கு நிகரான வரிசை. இடைக்கால ஐரோப்பியத் திருச்சபை இசையறிஞர்கள் அதே பெயர்களை வேறு வரிசைகளுக்குச் சூட்டிவிட்டதால், இன்று கிட்டார் வகுப்பில் டோரியன் என்று கற்பிக்கப்படுவது கரகரப்பிரியாவின் வரிசையாக இருக்கிறது. தவிர, கிரேக்கர்கள் அரை ஸ்வரத்தையும் பிளந்து கால் ஸ்வர இடைவெளிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கீபோர்டின் கட்டைகளுக்கு இடையே அவற்றுக்கு இடமில்லை.

இந்தத் தேடலின் விளைவாக வந்த படைப்பு ஒன்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெய்வங்களின் அரசனான சியூஸின் இடியை மையமாகக் கொண்ட கீபோர்டு இசை அது. ஆயத்தமாகக் கிடைக்கும் பாடகர் குழு ஒலி, பெருமுரசு, நடுவே ஒரு தந்தியொலி, வாசிப்பில் குறையில்லை. கேட்டவர்களின் துண்டுத்தாள்களில் போர், சிவதாண்டவம், புயல், சினிமா முன்னோட்டம் என்று பலவாறாக எழுதப்பட்டிருந்தது. இந்த இசைக்கு எந்தக் கதையைப் பொருத்தினாலும் பொருந்தும் என்பதே அதன் குறை. சோகக் கதைக்குச் சோக ராகம், வீரக் கதைக்கு முரசு என்று உணர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை கரைந்துபோகிறது. தொன்மக் கதைகளில் உறுதியாக நிற்பது விதி: திரும்பிப் பார்க்கக் கூடாது, பாதாளத்தில் எதையும் உண்ணக் கூடாது, பிறர் சொன்னதன் கடைசியை மட்டுமே சொல்லலாம். அந்த விதியை எடுத்து இசையின் விதியாக மாற்றியவர்களின் படைப்புகளே இப்போட்டியில் நின்றன என்பது என் முடிவு. மற்ற நான்கும், ஏற்றத்தாழ்வோடு, அந்த வழியில் சென்றவை.

ஆர்ஃபியஸ்: திரும்பிப் பார்க்காத பல்லவி

பெருமாள்மலையில் பாட்டு கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஆர்ஃபியஸ் கதையை எடுத்துக்கொண்டார். பாம்பு கடித்து இறந்த மனைவி யூரிடிசியை மீட்க ஆர்ஃபியஸ் பாதாளத்துக்குச் சென்று பாடுகிறான். மனமிளகிய பாதாள அரசன், அவள் பின்னால் வருவாள், மேலே சேரும்வரை நீ திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவளை அனுப்புகிறான். வெளிச்சம் தெரியும் இடத்தில் அவன் திரும்புகிறான், அவள் மறைந்துவிடுகிறாள். மேலை ஓபராவின் தொடக்க காலமே இந்தக் கதையோடு பிணைந்தது: 1600-இல் பிளாரன்சில் பெரியும், 1607-இல் மான்டுவாவில் மான்டெவெர்டியும், 1762-இல் வியன்னாவில் குளுக்கும் இதற்கு இசையமைத்தார்கள். ஆசிரியை இவற்றில் எதையும் கேட்கவில்லை. கேட்கவேண்டாம் என்று தாமே முடிவு செய்திருந்தார்.

அவர் பற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. பல்லவி என்ற தொடக்க வரி, அனுபல்லவி, சரணம் என்று செல்லும் கீர்த்தனை வடிவமே திரும்பிப் பார்ப்பதால் ஆனது. அனுபல்லவி முடிந்தால் பல்லவிக்குத் திரும்புகிறோம். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் திரும்புகிறோம். அந்தத் திரும்பல் கேட்பவரின் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. எனவே பல்லவிக்குத் திரும்பாத ஒரு கீர்த்தனையை எழுதினால், நிபந்தனையின் கனத்தைக் கேட்பவரே சுமப்பார் என்று அவர் கணக்கிட்டார்.

ராகம் சாருகேசி. துயரத்துக்கு முகாரியோ சுபபந்துவராளியோ எளிதாகக் கிடைத்திருக்கும். அவற்றை அவர் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. சாருகேசியின் கீழ்ப்பாதியான பூர்வாங்கத்தில் சதுசுருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் இருப்பதால் அது சங்கராபரணம் போல வெளிச்சமாக இருக்கும். மேற்பாதியான உத்தராங்கத்தில் சுத்த தைவதமும் கைசிகி நிஷாதமும் வருவதால் இருட்டாக இருக்கும். கீழ் ஸ்தாயியான மந்தரத்தின் பஞ்சமத்தில் தொடங்கி மேலே ஏறினால், இருண்ட பாதியைக் கடந்து ஷட்ஜத்தைத் தாண்டியதும் வெளிச்சம் வருகிறது. பாதாளத்திலிருந்து ஏறும் பாதை ராகத்திலேயே போட்டுவைத்தாற்போல் இருக்கிறது.

பல்லவியின் சாகித்தியம் ஒரே வரி: "என் பின்னே வருவாய், நான் திரும்பிப் பாரேன்." ஆதி தாளத்தில் சமத்திலிருந்து, அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டிலிருந்து, அரை இடம் தள்ளி எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்). தொடக்கத்தில் இது ஒரே ஒரு முறை, சங்கதி (ஒரே வரியை மெட்டு மாற்றிப் பாடுவது) எதுவும் இல்லாமல் பாடப்படுகிறது. அனுபல்லவியின் கடைசிச் சங்கதி எந்தக் கீர்த்தனையிலும் வருவதுபோலப் பல்லவியின் வாசலுக்கே வந்து நிற்கிறது. மிருதங்கம் அருதி என்ற முடிப்பை வைக்கிறது, சமம் விழுகிறது, அரை இடம் கடக்கிறது, பல்லவி வரவில்லை. ஒரு முழு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, வயலினின் மந்தரப் பஞ்சமக் கார்வை (நீட்டிய ஸ்வரம்) மட்டும் நிற்கிறது. பிறகு பாட்டு நேராகச் சரணத்துக்குள் போகிறது. சரணம் முடிந்ததும் அதே வெற்றிடம் மீண்டும் வருகிறது. முதல் முறை கேட்டபோது, ஆசிரியை வரியை மறந்துவிட்டார் என்று என் பக்கத்தில் இருந்தவர் நினைத்தது அவர் முகத்தில் தெரிந்தது. இரண்டாம் முறை யாரும் அப்படி நினைத்திருக்க முடியாது.

வயலினுக்குத் தரப்பட்ட பங்கு இதைவிடவும் நுட்பமானது. பாடுபவரை நிழல் போலத் தொடர்வது பக்கவாத்தியத்தின் இயல்பான பணி. அதையே யூரிடிசியாக வைத்தார். குரல் பாடும் ஒவ்வொரு சங்கதியையும் வயலின் ஓர் ஆவர்த்தனம் தாமதித்து, ஒரு ஸ்தாயி கீழே வாசித்துக்கொண்டு வந்தது. நம் கச்சேரிகளில் பாடுகிறவர் வயலின்காரரைத் திரும்பிப் பார்ப்பது வழக்கம். சங்கதி எத்தனை முறை, எங்கே நிறுத்தம் என்பதெல்லாம் கண்ணாலேயே பேசப்படும். ஆசிரியை பாட்டு முழுவதும் அவர் பக்கம் திரும்பவே இல்லை. இதனால் ஒத்திகை மிகவும் சிரமப்பட்டது. கண்சாடை இல்லாமல் சங்கதி மாறும் இடம் வயலின்காரருக்குத் தெரியவில்லை. கடைசியில், சங்கதி மாறப்போகும் ஆவர்த்தனத்தில் மட்டும் தொடையில் தாளம் போடும் கையை ஒரு பிடி உயர்த்தித் தட்டுவது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். மிருதங்கம் வாசித்த பெரியவருக்கு வேறு தொல்லை. "டீச்சர், கை தானா பல்லவிக்குப் போயிருதும்மா, கட்டிப்போட்டாத்தான் நிக்கும்" என்று ஒத்திகையில் அவர் சொன்னதைக் கேட்டபோது, இந்த யோசனை மேடையில் எடுபடும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. அனுபவமுள்ள கையே அவ்வளவு ஏங்கினால் கேட்பவரும் ஏங்குவார்.

முடிவில் குரல் தார ஸ்தாயிக் காந்தாரத்தில் வெளிச்சமாக நிற்கிறது. வயலின் இன்னும் கீழே, இருண்ட பாதியில் இருக்கிறது. வெளிச்சத்தின் விளிம்பை நெருங்கிய வேளையில் அவன் திரும்பியதாக ரோமானியக் கவிஞர்கள் வர்ஜிலும் ஓவிடும் சொல்லும் இடம் இதுதான். அப்போது ஆசிரியை வயலின்காரர் பக்கம் தலையைத் திருப்பி, சரியாக அரை இடத்தில், பல்லவியை எடுத்தார். வயலின் சங்கதியின் நடுவில் அறுந்தது, மிருதங்கமும் நின்றது. "என் பின்னே வருவாய்" என்பது மட்டும் துணையின்றி ஒலித்தது. வரியின் நடுவில் வரும் நிறுத்தமான அருதியைத் தாண்டி அவர் பாடவில்லை. தொடக்கத்தில் வாக்குறுதியாக இருந்த அதே வரி, திரும்ப வந்ததாலேயே வாக்கை மீறியதாகிவிட்டது. ஆர்ஃபியஸ் என்ற பெயரை யாரும் அறிந்திருக்கவில்லை என்றாலும், ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்ததாகவும் அது வந்ததும் எல்லாம் போய்விட்டதாகவும் துண்டுத்தாள்களில் பலர் எழுதியிருந்தார்கள்.

குறை ஒன்று உண்டு. சரணத்தின் நடுவே பாம்பைக் காட்டுவதற்காக ஒரு புன்னாகவராளிச் சாயல் நுழைக்கப்பட்டிருந்தது. மகுடி மெட்டைக் கேட்டதும் கூடத்தில் சிலர் புன்னகைத்தார்கள். அவ்வளவு கட்டுப்பாடான அமைப்பில் அந்த ஒரு வரி தனித்துத் தெரிந்தது.

பெர்செபனி: இரண்டு சுருதிகள்

பண்ணைக்காட்டிலிருந்து வந்த தாயும் மகளும் பெர்செபனியின் கதையை இரு குரல்களில் பாடினார்கள். பயிர்த்தெய்வமான தெமீத்தரின் மகளைப் பாதாள அரசன் கவர்ந்து செல்கிறான்; தாய் துயரத்தில் விளைச்சலை நிறுத்துகிறாள்; மகள் கீழே மாதுளை விதைகளை உண்டுவிட்டதால் ஆண்டின் ஒரு பகுதியை அங்கேயே கழிக்க வேண்டியதாகிறது. பழைய கிரேக்கப் பாடலில் உண்ட விதை ஒன்று, கீழே இருக்கும் காலம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. ஓவிடின் உருமாற்றக் கதைகளில் விதைகள் ஏழு, ஆண்டு சரிபாதியாகப் பிரிகிறது. ஸ்வரங்களும் ஏழு என்பதால், ஏழு என்ற எண்ணைப் பார்த்த அளவில் இவர்கள் ஓவிடின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவர்கள் கையாண்டது கிரக பேதம். சங்கராபரணத்தின் காந்தாரத்தை ஷட்ஜமாகக் கொண்டால் அதே ஸ்வரங்கள் தோடியாகின்றன. சிலப்பதிகாரக் காலத்திலேயே பாலைகள் என்ற ஸ்வர வரிசைகள் இப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்தன. வழக்கமாகக் கிரக பேதத்தைப் பாடும்போது சுருதி மாறாமல் இருக்கும். அதனால் புதிய ராகம் மின்னி மறையும். இவர்கள் சுருதியையே மாற்றினார்கள். தாய்க்கு ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) ஒரு சுருதிப் பெட்டி; பாதாளத்துக்கு, அதற்குக் கீழே உள்ள ஏழு கட்டையில் இன்னொன்று. மகள் ஒவ்வொரு விதையை உண்ணும்போதும் பழைய சுருதியில் பழகிய ஒரு ஸ்வரத்தைப் புதிய சுருதியின் மேல் நிறுத்திப் பாடினாள். ஏழாவது ஸ்வரம் முடிந்தபோது மேலே இருந்த உலகம் ஒரு ஸ்வரம்கூட மாறாமல் வேறு உலகமாகியிருந்தது.

இதைச் சாத்தியமாக்கியது ஒரு சிறு திருகல். தம்புராவில் இயல்பாக எழும் அந்தர காந்தாரம், கீபோர்டின் சம இடைவெளிக் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு, தாழ்ந்தது. மின்னணுச் சுருதிப் பெட்டியை ஏழு கட்டையில் வைத்தால் அது சம இடைவெளிக் கணக்கில்தான் ஒலிக்கும். மகள் தாயின் சுருதியோடு இழைந்து பாடிய காந்தாரம், தன்னுடைய பெட்டியின் ஷட்ஜத்தோடு சேராமல் அலைபாய்ந்தது. பெட்டியின் நுண்சுருதிக் குமிழை மெல்ல இறக்கி, அலை அடங்கிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் கேட்பவர்களுக்கு அபஸ்வரம் என்ற எண்ணமே மிஞ்சியிருக்கும்.

மதிப்பீட்டாளர்களில் ஒருவரான மூத்த பாட்டு ஆசிரியை இதைக் கடுமையாக மறுத்தார். தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்திப் பாடினால் அது தோடியே இல்லை, தோடியின் ஸ்வரங்கள் மட்டுமே என்பது அவர் வாதம். இலக்கணப்படி அவர் சொன்னது முற்றிலும் சரி. அந்தத் தாய் தயங்காமல் பதில் சொன்னார்: "கீழ இருக்குறவங்களுக்கு அசைவு ஏது டீச்சர்? அதான் நிறுத்திப் பாடச் சொன்னேன்." மூத்த ஆசிரியை சிரித்தாரே தவிர மதிப்பெண்ணை மாற்றவில்லை. என்னைப் பொறுத்தவரை, ஐந்தில் இசையாக மிகத் துணிச்சலானது இதுதான். மகள் திரும்பி வந்த பிறகும் மேலே பாடும் காந்தாரத்தில் பாதாளத்தின் ஷட்ஜம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதை சொல்லும் உடன்பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

எக்கோ: பாறையும் அந்தாதியும்

பிறர் சொன்னதன் கடைசிச் சொற்களை மட்டுமே சொல்லச் சபிக்கப்பட்ட எக்கோ என்ற வனதேவதையின் கதையை இரண்டு இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். வட்டக்கானலில் டால்பின் மூக்குப் பாறைக்கு அப்பால் எதிரொலிப் பாறை இருக்கும்போது இதை யாராவது எடுத்தே தீர்வார்கள் என்பது எதிர்பார்த்ததுதான். பள்ளத்தாக்கில் பாடி ஒலிப்பதிவு செய்யும் முயற்சி காற்றாலும், பாறையைப் பார்த்ததும் கூச்சலிடும் சுற்றுலாப் பயணிகளாலும் வீணாயிற்று. அந்த அலைச்சலில் அவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். பாறை எல்லாவற்றையும்தான் திருப்பிச் சொல்கிறது. ஆனால் நாம் பாடிக்கொண்டிருக்கும்போது திரும்பி வருவது நம் குரலிலேயே மூழ்கிவிடுகிறது. குளிர்ந்த காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 125 மீட்டர் தள்ளியுள்ள பாறையிலிருந்து அது திரும்ப முக்கால் நொடி ஆகும். நாம் வாயை மூடிய பிறகு தெளிவாகக் கேட்பது கடைசி முக்கால் நொடி மட்டுமே. எக்கோவின் சாபம் மலையூரில் வாழ்ந்த யாரோ ஒருவரின் கவனிப்பிலிருந்து பிறந்திருக்கும் என்று அவர்கள் எழுதியிருந்த குறிப்பை நான் மிகவும் ரசித்தேன்.

மேடையில் அவர்கள் ஒலிக்கருவி எதையும் பயன்படுத்தாமல் அந்தாதியைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் பாடும் அடியின் கடைசிச் சீரை மற்றவர் கூடத்தின் பின்புறத்திலிருந்து எடுத்துச் சொல்ல, முதலாமவரின் அடுத்த அடி அதிலிருந்து தொடங்கும். கடைசி அடி முதல் சொல்லில் வந்து முடிந்து மண்டலமானது. முக்கால் நொடிக்கு ஒரு தட்டு என்ற காலப்பிரமாணம் வைக்கப்பட்டதால், பின்குரல் ஒவ்வொரு முறையும் சரியாக அடுத்த தட்டில் விழுந்தது. வடிவம் அழகாகவே இருந்தது. ஆனால் எக்கோவின் துயரம் தன் சொல்லைச் சொல்ல முடியாததில் இருக்கிறது. இங்கே இருவரும் சமமாகச் சேர்ந்து பாட்டை முன்னே கொண்டுபோனார்கள். அந்தாதியில் கடைசிச் சொல் அடுத்த அடிக்கு உயிர் தருகிறது, எக்கோவுக்கு அது உயிர் தரவில்லை. கதையின் விதியைப் பாதி மட்டுமே எடுத்துக்கொண்டதால் படைப்பு இனிமையான விளையாட்டாக நின்றுவிட்டது.

மார்சியாஸ்: காற்றும் கம்பியும்

பழனியிலிருந்து மலையேறி வந்த நாதசுரக் கலைஞர் ஒருவரும் இங்குள்ள கிட்டார் ஆசிரியர் ஒருவரும் மார்சியாஸைச் செய்தார்கள். இரட்டைக் குழலை வாசிக்கையில் தன் கன்னம் உப்புவதை நீரில் கண்ட அத்தீனா என்ற பெண்தெய்வம் அதை வீசியெறிகிறாள். மார்சியாஸ் அதை எடுத்து வாசித்து, யாழ் மீட்டும் அப்போலோவையே போட்டிக்கு அழைக்கிறான். சமமாகப் போன போட்டியில், வாசித்துக்கொண்டே பாட முடியுமா என்று அப்போலோ கேட்கிறான். குழல் வாயில் இருப்பவனால் அது முடியாது. அந்த அநியாயமே படைப்பின் அச்சு. நாதசுரமும் கிட்டாரும் கேள்வியும் பதிலுமாகச் சென்று, ஓரிடத்தில் கிட்டார்காரர் வாய்திறந்து பாடத் தொடங்கினார். நாதசுரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்து, பாட வாய்திறந்து, பேசாமல் நின்றார்.

தொழில்நுட்பச் சிக்கல் இரண்டு. சிறிய கூடத்தில் நாதசுரத்துக்கு முன் கிட்டார் கேட்காது. அதனால் நாதசுரக்காரரை வராந்தாவில் நிறுத்திக் கதவைத் திறந்துவைத்தார்கள். அது மேடைக்கு வெளியே தள்ளப்பட்டவனின் நிலையாகவும் அமைந்தது. மற்றொன்று குளிர். காற்றின் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் குழல் கருவியின் சுருதி ஏறத்தாழ 30 சென்ட் இறங்கும், கம்பியோ குளிரில் சுருங்கி விறைத்து ஏறும். பகலில் சேர்ந்திருந்த இரண்டும் மாலையில் வராந்தாவுக்கும் கூடத்துக்கும் இடையே எதிரெதிர்த் திசையில் விலகின. நாதசுரக்காரர் தம் மூச்சின் அழுத்தத்தாலேயே சுருதியைத் தூக்கிப் பிடித்தார். எல்லாக் குழல் கருவிகளும் அவ்வளவு வளைந்துகொடுத்திருக்காது. படைப்பாகப் பார்த்தால் இசையைவிட நாடகம் மேலோங்கியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவருக்கு அந்த மௌனத்தின் காரணம் புரிந்திருக்காது.

தீர்ப்பும் அதன் பின்னும்

மூவரின் மதிப்பெண்ணையும் கூட்டியபோது ஆர்ஃபியஸ் முதலாகவும் பெர்செபனி மிக நெருங்கி இரண்டாவதாகவும் வந்தன. என் தாளில் மட்டும் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. ஆயினும் கதை தெரியாதவர்களிடமும் விதி சென்று சேர்ந்ததா என்ற அளவுகோலில் ஆர்ஃபியஸ் வென்றது நியாயமே. ஐந்து படைப்புகளும் ஸ்வரப்படுத்தப்பட்டு, ஒலிப்பதிவோடு பங்கேற்றவர்களுக்குள் பகிரப்பட்டன. பாம்பு வரும் வரியை ஆசிரியை அந்த வாரமே சாருகேசிக்குள் திருப்பி எழுதிக் கொடுத்தார்.

பிறகு, கீழே சமவெளியில் ஒரு சபையில் பாடும் வாய்ப்பு அவருக்கு வந்தது. அங்கே அமையும் பக்கவாத்தியக்காரர்களோடு ஒத்திகை பார்க்க நேரம் இராது என்பதால், அனுபல்லவிக்கும் சரணத்துக்கும் பின் பல்லவி முறையாகத் திரும்பும் வேறொரு வடிவத்தையும் அவர் ஆயத்தம் செய்தார். இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பெரியின் ஓபரா, பிரான்ஸ் அரசர் நான்காம் ஹென்றிக்கும் மரியா தெ மெதிச்சிக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்தில் அரங்கேறியதால் அதில் யூரிடிசி பிழைத்துவிடுகிறாள்; குளுக்கின் ஓபராவில் காதல் தெய்வம் வந்து அவளை உயிர்ப்பிக்கிறது. மங்கல காரியத்துக்கு மனைவியைச் சாகவிடுவது எங்கும் வழக்கமில்லை போலும். கச்சேரி வடிவத்தைத் தாராளமாகப் பாடுங்கள், ஆனால் அதற்கு வேறு தலைப்பு வையுங்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம். அவர் ஒப்புக்கொண்டு தலைப்பை மாற்றியிருக்கிறார். அடுத்த ஜனவரிக்கான மதியச் சாப்பாட்டையும் ஏற்றிருக்கிறார்.